லடாக்கில் பார்த்தது அண்டங்காக்கையா, ரேவனா?

கேள்வி இதுதான்: லேயிலிருந்து பாங்கோங் ஏரிக்குப் போகும் வழியில், சாங் லா கணவாய்க்குப் பக்கத்தில் மிகப் பெரிய கறுப்புப் பறவை ஒன்று சிறகடிக்காமல் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. கூட வந்தவர் அண்டங்காக்கை என்றார், வண்டி ஓட்டியவர் ரேவன் என்றார். எது சரி? இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? காகங்களைக் கவனிக்க ஆசை வந்துவிட்டது, ஊரில் எங்கிருந்து தொடங்கலாம்?

வண்டி ஓட்டியவர் சொன்னதுதான் சரி. சாங் லா 5,300 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. மரம் மட்டை எதுவும் இல்லாத அந்த வெற்று மலையில், தன்னந்தனியாகக் காற்றில் மிதந்த பெரிய முழுக் கறுப்புப் பறவை என்றால் அது காகக் குடும்பத்தைச் சேர்ந்த ரேவன்தான். அந்த உயரத்தில் வேறு இரண்டு வகைக் கறுப்புப் பறவைகளும் கூட்டமாகப் பறக்கும். சஃப் என்பார்கள்; அவையும் காகக் குடும்பம்தான். ஒன்றுக்கு அலகு சிவப்பு, இன்னொன்றுக்கு மஞ்சள், இரண்டுமே உருவத்தில் ரேவனைவிட மிகச் சிறியவை. அதனால் குழம்ப வாய்ப்பில்லை.

கூட வந்தவரையும் குறை சொல்ல முடியாது. பல ஆங்கிலம்-தமிழ் அகராதிகளில் ரேவனுக்கு அண்டங்காக்கை என்றே போட்டிருக்கும். நம் ஊர் அண்டங்காக்கை வேறு இனம். தமிழ்நாட்டில் ரேவன் கிடையாது, இலங்கையிலும் கிடையாது. இந்தியாவில் அது இருப்பது இமயமலைத் தொடரிலும் ராஜஸ்தான் பக்கத்து வறண்ட நிலங்களிலும்தான்.

பிரித்தறிய ஒரே ஒரு யோசனை சொல்லச் சொன்னால், ஊரில் இருக்கும் இரண்டு வகைக் காகங்களை முதலில் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள் என்பேன். அவை எப்படிப் பறக்கின்றன, எப்படி உட்காருகின்றன, எப்படிக் கத்துகின்றன என்பது கண்ணுக்கும் காதுக்கும் பழகிவிட்டால், ரேவனைப் பார்த்த மாத்திரத்தில் 'இது நம்ம ஆள் இல்லை' என்று மனசு சொல்லிவிடும். அடையாளம் காண்பதும் ரசிப்பதும் இந்தப் பறவைகள் விஷயத்தில் ஒரே வேலைதான்.

வீட்டுக் காகம் சுமார் 40 சென்டிமீட்டர் நீளம், 300 கிராம் சுமாருக்கு எடை. கழுத்து, பிடரி, மேல் மார்பு சாம்பல் நிறம், மற்றது கறுப்பு. வட இந்தியாவில் இந்தச் சாம்பல் பட்டை வெளிறித் தெளிவாகத் தெரியும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கும் வகையில் அது அடர்ந்த சாம்பல். மாலை வெளிச்சத்தில் முழுக் கறுப்பாகவே தோன்றி ஏமாற்றும். அப்போது உடல் வாகைப் பாருங்கள். ஒல்லியான பறவை, சுறுசுறுப்பு, உச்சந்தலை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். மனிதர்கள் இருக்கும் இடத்தை விட்டு அது தள்ளிப் போவதே இல்லை. டீக்கடை, மீன் சந்தை, பள்ளிக்கூடத்தின் மதிய உணவு நேரம் எல்லாம் அதற்கு அத்துப்படி.

அண்டங்காக்கை அதைவிடப் பெரிது. உடல் முழுக்கக் கறுப்பு, தடித்த அலகு, அலகின் மேற்பகுதி நன்றாக வளைந்திருக்கும். நெற்றி அலகுக்கு மேல் செங்குத்தாக எழும்பி நிற்கும். பக்கவாட்டில் எடுத்த படத்தில் இது அழகாகத் தெரியும். குரலும் வேறு: வீட்டுக் காகத்தின் 'கா' மெலிந்து, சற்று மூக்கால் பேசுவது போல இருக்கும். அண்டங்காக்கையின் 'கா' கனத்து, அடித்தொண்டையிலிருந்து வரும். தோப்பு, வயல் ஓரம், காட்டு விளிம்பு, மலைப் பாதை இவையெல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். ஊருக்குள்ளும் வரும், ஆனால் வீட்டுக் காகம் அளவுக்கு ஒட்டிக்கொள்ளாது. காட்டுப் பாதையில் போகும்போது அண்டங்காக்கைகள் ஒரே இடத்தில் கூடிக் கத்தினால், அங்கே ஏதோ செத்துக் கிடக்கிறது, அல்லது புதருக்குள் வேட்டை விலங்கு ஒன்று படுத்திருக்கிறது என்று எண்ணிக்கொள்ளலாம். காட்டு வேலையில் இருப்பவர்கள் இதை ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்வார்கள்.

சரி, ரேவனுக்கு வருவோம். ஒரு கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும் எடை, 60 சென்டிமீட்டரை ஒட்டிய நீளம், விரித்தால் ஒன்றேகால் மீட்டர் வரை, சிலவற்றில் அதற்கும் மேலே போகும் இறக்கை. நம் கரும்பருந்தின் அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. லடாக்கிலும் திபெத்திலும் இருக்கும் வகை ரேவன்களிலேயே பெரியவற்றில் ஒன்று. ஆனாலும் அளவை மட்டும் நம்பாதீர்கள். வெறும் வானத்தில் ஒற்றைப் பறவைக்குப் பக்கத்தில் ஒப்பிட எதுவும் இருக்காது; அண்டங்காக்கைகூட ராட்சசப் பறவையாகத் தெரியும்.

வாலைப் பாருங்கள். காகம் வாலை விரித்தால் விசிறி போல, ஓரம் சற்று வளைந்து ஒரே சீராக இருக்கும். ரேவனின் வால் நடு இறகுகள் நீண்டு, ஓரத்துக்குப் போகப் போகக் குறுகி, ஆப்பு வடிவில் முடியும். திரும்பும்போது வால் விரியும், அந்த நேரத்தில் பாருங்கள். இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. இறகு உதிர்க்கும் பருவத்தில் காகத்துக்கு ஓர இறகுகள் விழுந்திருந்தால் அதன் வாலும் ஆப்பு போலத் தோன்றும். மணாலி, ஸ்ரீநகர் போன்ற இடங்களில் இருக்கும் பெரிய அலகுக் காகம் அண்டங்காக்கையின் நெருங்கிய உறவு. அதன் வாலும் ஓரளவு கூம்பியே இருக்கும். இமயமலைப் பயணத்தில் ரேவன் என்று தவறாகக் குறிக்கப்படுபவை பெரும்பாலும் இந்தக் காகங்கள்தான். அங்கே வாலை வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது.

அடுத்தது தொண்டை. ரேவனின் தொண்டையில் நீண்ட இறகுகள் தாடி மாதிரி தொங்கும். கத்தும்போது அவை சிலிர்த்துக்கொண்டு நிற்கும். காகத்தின் தொண்டை வழுவழுப்பாகப் படிந்திருக்கும். ரேவனின் மேல் அலகில் பாதிக்கு மேல் மயிர் போன்ற இறகுகள் மூடியிருக்கும். தலை நீண்டு தட்டையாக இருக்கும், அண்டங்காக்கையின் எழும்பிய நெற்றி அதற்குக் கிடையாது. பறக்கும்போது தலையும் கழுத்தும் நன்றாக முன்னே நீட்டியிருப்பது தூரத்திலிருந்தே தெரியும்.

பறக்கும் விதம் இன்னும் நல்ல சாட்சி. காகம் சிறகடித்துக்கொண்டே போகும். மிதப்பது கொஞ்ச நேரம்தான். ரேவன் பருந்தைப் போல மலைச்சரிவில் எழும் காற்றில் ஏறி, நிமிடக் கணக்கில் சிறகடிக்காமல் சுற்றும். அமைதியான பள்ளத்தாக்கில் தலைக்கு மேலே போனால் இறக்கையின் 'உஸ் உஸ்' சத்தம்கூடக் கேட்கும்.

எனக்குக் கண்ணைவிடக் காதின் மேல்தான் நம்பிக்கை அதிகம். ரேவன் 'கா' என்று கத்தாது. 'க்ரோங்க்', 'குர்ர்க்' என்று பாறையில் எதிரொலிக்கும் ஆழமான குரல். அதோடு கட்டையைத் தட்டுவது போல, தண்ணீர் சொட்டுவது போல என்று எத்தனையோ ஒலிகள் எழுப்பும். கைப்பேசியில் அரை நிமிடம் பதிவு செய்து வாருங்கள். மங்கலான படத்தைவிட அந்தப் பதிவு பயன்படும். பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியில் அந்தப் பகுதிக்கான தொகுப்பை முன்பே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது, வழியில் சிக்னல் கிடைக்காது.

இனி, ரேவனை அடையாளம் கண்டபின் உடனே பைனாகுலரைக் கீழே வைத்துவிடாதீர்கள். உண்மையான விருந்து அதற்குப் பிறகுதான். காற்று பலமாக வீசும் நாளில் ரேவன் திடீரென்று இறக்கையை மடித்துப் பக்கவாட்டில் புரளும், ஒரு கணம் மல்லாந்தே பறக்கும், மறுபடி நிமிரும். காலில் ஒரு குச்சியை எடுத்துப் போய், நடுவானில் விட்டு, விழுவதற்குள் பாய்ந்து பிடிக்கும். பனிச்சரிவில் முதுகால் சறுக்கி விளையாடுவதையும் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். இரை தேடவோ துணையைக் கவரவோ மட்டும் இதையெல்லாம் செய்கிறது என்று சொல்லிவிட முடியாது. தனியாக இருக்கும் இளம் பறவைகளும் செய்கின்றன. விளையாட்டு என்ற சொல்லைப் பறவைக்குப் பயன்படுத்த எனக்குக் கொஞ்சமும் தயக்கமில்லை.

ஜோடியைக் கண்டால் இன்னும் நல்லது. ரேவன் ஜோடி பல ஆண்டுகள் சேர்ந்தே வாழும், சேர்ந்தே தன் எல்லையைக் காக்கும். இறக்கை நுனிகள் தொடும் நெருக்கத்தில் இரண்டும் ஒரே தாளத்தில் திரும்புவதைப் பார்க்கலாம். கழுகோ தாடிப்பாறு என்ற பிணந்தின்னிக் கழுகோ தங்கள் பாறைப் பக்கம் வந்தால், தங்களைவிடப் பல மடங்கு பெரிய அந்தப் பறவைகளை இரண்டும் விடாமல் துரத்தும்.

காகம் இனத்தைக் கூவி அழைத்து உண்ணும் என்று வள்ளுவர் காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். ரேவனும் அப்படி அழைக்கும். அது ஏன் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துப் பனிக்காட்டில் பல குளிர்காலங்களைக் கழித்தவர் பெர்ண்ட் ஹைன்ரிச் என்ற உயிரியலாளர். பனிக்காலத்தில் ஒரு செத்த மான் கிடைப்பது பெரிய புதையல். கண்டெடுத்த பறவை வாயை மூடிக்கொண்டு தின்றால் பல நாளுக்கு வரும். பிறகு எதற்கு ஊரைக் கூட்டுகிறது? அவர் கண்டது இது: கூவி அழைப்பவை பெரும்பாலும் ஜோடி சேராத இளம் பறவைகள். அந்த நிலத்தைச் சொந்தமாக்கிக்கொண்ட மூத்த ஜோடி, தனியாக வரும் இளம் பறவையை அடித்து விரட்டிவிடும். கூட்டமாக வந்தால் விரட்ட முடியாது. ஆகவே அழைப்பவருக்கும் பங்கு, வருபவர்களுக்கும் பங்கு. அந்த ஜோடி தானே கண்டெடுத்தால் சத்தமே போடாமல் சாப்பிடும்.

இதன் மறுபக்கமும் அதே அளவுக்குச் சுவையானது. கூவி அழைக்கும் இதே பறவைகள் உணவை ஒளித்தும் வைக்கும். ஒளிக்கும்போது வேறொரு ரேவன் பார்ப்பது தெரிந்தால் அவசரமாக மூடிவிட்டு நகரும். பார்க்காத நேரத்தில் வந்து இடத்தை மாற்றும். வியன்னாவில் தாமஸ் புக்னியார் குழு 2016-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போனது. இரண்டு அறைகளுக்கு நடுவே மூடிய ஜன்னல். அதில் ஒரு சிறு துளை. துளை வழியாக எட்டிப் பார்க்க முடியும் என்பதை ரேவன்கள் முதலில் தாங்களே எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டன. அப்புறம் அடுத்த அறையில் பறவையே இல்லாமல், ஒலிபெருக்கியில் ரேவனின் சத்தம் மட்டும் வைக்கப்பட்டது. துளை திறந்திருந்தபோது, யாரோ தம்மைப் பார்ப்பதுபோல எச்சரிக்கையாக ஒளித்தன. துளை மூடியிருந்தபோது அந்த எச்சரிக்கை இல்லை. தான் பார்க்க முடிந்ததால் இன்னொருவராலும் பார்க்க முடியும் என்று அவை கணக்குப் போடுகின்றன. இதைப் படித்த நாளிலிருந்து மொட்டைமாடிக் காகத்தை நான் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

ஏனென்றால் இந்த ஒளித்து வைக்கும் வேலையைப் பார்க்க லடாக் போக வேண்டியதில்லை. காலையில் இட்லித் துண்டு ஒன்றைச் சுவர் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். பசி தீர்ந்த காகம் மிச்சத்தை அலகில் கவ்விக்கொண்டு போய் ஓட்டு இடுக்கிலோ பூந்தொட்டியிலோ சொருகும். மேலே ஒரு காய்ந்த இலையையோ காகிதத் துண்டையோ வைத்து மூடும். ஒரு முறை சுற்றிலும் பார்க்கும். பக்கத்தில் இன்னொரு காகம் உட்கார்ந்திருந்தால் என்ன செய்கிறது, இல்லாவிட்டால் என்ன செய்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். காய்ந்த ரொட்டியையும் முறுக்கையும் தண்ணீர்த் தொட்டியில் முக்கி ஊறவைத்துத் தின்பதையும் பார்ப்பீர்கள்.

ஆள் அடையாளம் தெரியுமா என்று பலர் கேட்பதுண்டு. நிச்சயமாகத் தெரியும். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப் 2006-இல் குகை மனிதன் முகமூடி அணிந்து ஏழு காகங்களைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டுவிட்டார். அவை அமெரிக்கக் காகங்கள். அதன்பிறகு அந்த முகமூடியோடு வளாகத்தில் யார் நடந்தாலும் காகங்கள் கூடிக் கத்தின. வேறு முகமூடிக்கு அவ்வளவு கத்தல் இல்லை. ஆண்டுகள் போகப் போகக் கத்தும் காகங்கள் கூடின. பிடிபடாதவையும், அப்போது பிறந்தே இராதவையும்கூட மற்றவற்றைப் பார்த்து அந்த முகத்தைக் கற்றுக்கொண்டன.

நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் தெருவில் ஒருவரை மட்டும் காகம் தேடி வந்து தலையில் தட்டும். சனி பிடித்தது, கெட்ட சகுனம் என்று அவர் கலங்கிப் போவார். பக்கத்து மரத்தில் கூடு இருக்கும், குஞ்சு இறங்கியிருக்கும், அவர் கூட்டுப் பக்கம் கை நீட்டியிருப்பார் அல்லது குஞ்சைத் தூக்கியிருப்பார். பயப்பட ஒன்றுமில்லை. கொஞ்ச நாள் குடை பிடித்துப் போகலாம், அல்லது வேறு வழியாகப் போகலாம். தரையில் தத்தும் குஞ்சைக் கண்டால் எடுக்காதீர்கள். கண் நீலச் சாம்பலாகவும் வாயின் உட்புறம் சிவந்தும் இருந்தால் அது இப்போதுதான் கூட்டை விட்டு இறங்கிய இளம் பறவை. பெற்றோர் மேலேயே இருக்கும், ஊட்டும். நாயோ பூனையோ பக்கத்தில் இருந்தால் மட்டும் தாழ்ந்த கிளையில் ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

டிரான்ஸ்பார்மரில் அடிபட்டு ஒரு காகம் விழுந்தால் சில நிமிடங்களில் தெருவே கறுத்துப் போகும். எல்லோரும் பார்த்த காட்சிதான் இது. சியாட்டிலிலேயே கேலி ஸ்விஃப்ட் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். செத்த காகத்தைக் கையில் ஏந்திய முகமூடி மனிதர்களைக் காகங்கள் நினைவில் வைத்துக்கொண்டன. அந்த இடத்தில் உணவெடுக்கவே பல நாள் தயங்கின. இங்கே ஆபத்து இருக்கிறது, யாரால் என்று தெரிந்துகொள்ளும் கூட்டம் அது என்பது ஆய்வாளர்களின் முடிவு. அதோடு துக்கமும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். அதை அளக்க இன்னும் வழி இல்லை.

கோடையில் பார்க்க வேண்டிய பெரிய நாடகம் குயிலுடையது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை எப்போது வேண்டுமானாலும் நடக்கும். ஆண் குயில் கூட்டுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே கூவும். காகங்கள் இரண்டும் ஆத்திரத்தோடு துரத்திப் போகும். புள்ளி போட்ட பெண் குயில் அந்த இடைவெளியில் நுழைந்து முட்டையிட்டுவிடும். குயில் முட்டை காக முட்டையைவிடச் சீக்கிரம் பொரியும். ஜூன், ஜூலையில் காகத்தின் பின்னாலேயே வாயைத் திறந்துகொண்டு ஓடும் குயில் குஞ்சைப் பார்க்கலாம். ஒவ்வொரு முகத்தையும் நினைவில் வைக்கும் பறவை தன் கூட்டில் வளரும் இந்த முகத்தை ஏன் கண்டுபிடிப்பதில்லை என்பது என்னை இன்னும் வியக்க வைக்கிறது.

கரிச்சானையும் விட்டுவிடக் கூடாது. இரட்டை வால் கொண்ட அந்தச் சிறு பறவை, தன் கூட்டுப் பக்கம் வரும் காகத்தின் முதுகிலேயே கொத்தி விரட்டும். அந்தத் துணிச்சலை நம்பி, புறா போன்ற சாதுவான பறவைகள் அதன் கூடு இருக்கும் மரத்திலேயே கூடு வைப்பதுண்டு.

உணவு வைப்பது பற்றி ஒரு வார்த்தை. ஒரு பிடி சோறு போதும், எண்ணெய்ப் பலகாரமும் உப்புக்கண்டமும் வேண்டாம். குண்டான் குண்டானாகக் கொட்டினால் காகம் பெருகும். அப்புறம் சுற்றியுள்ள சிட்டுக்குருவி, புறா, தேன்சிட்டுக் கூடுகளின் முட்டைக்கும் குஞ்சுக்கும்தான் கேடு. இது வெறும் பயம் இல்லை. 1890-களில் சான்சிபார் தீவுக்குக் கொண்டுபோகப்பட்ட நம் வீட்டுக் காகம் கிழக்கு ஆப்பிரிக்கக் கரை நெடுகப் பரவி, அங்குள்ள பறவைகளை அழிக்கும் அளவுக்குப் போய்விட்டது. கென்யா அரசு 2024-இல் பத்து லட்சம் காகங்களை ஒழிக்கத் திட்டம் அறிவிக்க வேண்டி வந்தது. எங்கெல்லாம் குப்பை திறந்து கிடக்கிறதோ அங்கெல்லாம் இதே கதைதான். சோற்றைவிடத் தண்ணீர் வைப்பது நல்லது. வாய் அகன்ற மண்சட்டி, நிழலான இடம், தினமும் கழுவிப் புதுத் தண்ணீர். காகம் குளிப்பதைப் பார்க்கக் கிடைக்கும், அதுவே பெரிய சந்தோஷம்.

ரேவனை மறுபடி தேடிப் போக நினைத்தால் லடாக்கில் மே முதல் செப்டம்பர் வரை சாலை திறந்திருக்கும் காலம் வசதி. கணவாய்களிலும், மடங்கள் கட்டப்பட்ட பாறைச் சரிவுகளிலும், நாடோடி மேய்ப்பர்களின் கூடாரங்களுக்குப் பக்கத்திலும் தேடுங்கள். இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதியில் காசா, கீ ஊர்கள் பக்கமும் அப்படியே. அவ்வளவு உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் குளிர்காலத்தில் ராஜஸ்தானின் பிகானேர், ஜெய்சல்மேர் பக்கம் போகலாம். அங்கே செத்த மாடுகளைக் கொண்டுபோய்ப் போடும் வெளியில் பாறுக் கழுகுகளோடு ரேவன்களும் வந்து இறங்கும். அவற்றின் கழுத்துப் பக்கம் லேசான பழுப்பு ஓடியிருக்கும். படம் எடுத்தால் அலகைப் பக்கவாட்டிலும், வாலை விரித்த நிலையிலும் எடுங்கள், குரலையும் பதிந்துகொள்ளுங்கள். இந்த மூன்றும் இருந்தால் யாராலும் உறுதியாகச் சொல்லிவிட முடியும்.